கல் தரகன் கற்ற ஸ்வீடிஷும் கான்டனீஸும்

கல் வியாபாரத்தில் கல் வாயைத் திறக்காது, அதனால் அதை விற்கிறவன் கல்லுக்கும் சேர்த்துப் பேசியாக வேண்டும். நான் பேசினேன். திருக்கோவிலூர் பக்கத்துக் குவாரிகளில் வெட்டின கருப்புக் கல்லை வெளிநாட்டுக்காரனுக்குக் கைமாற்றிவிடுகிற தரகு வேலை. அதற்கு முன்னால் சின்னசேலம் சந்தையில் மாட்டுத் தரகு. படிப்பு அஞ்சாவதோடு சரி. மீதியை அடி வாங்கியும் அடி கொடுத்தும் கற்றுக்கொண்டேன்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜில்லாவே ரோட்டில் உட்கார்ந்திருந்த வருஷங்கள் அவை. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அப்போது என்னிடம் ரெண்டு பார்ட்டிகள் கல் வாங்கினார்கள். ஒருவர் ஸ்வீடன்காரர் பெங்க்ட். குவாரி ஆட்கள் வாயில் அந்தப் பேர் நுழையாமல் ‘பெங்களூர் தொரை’ ஆகிவிட்டார். இன்னொருவர் ஹாங்காங்காரர் லாவ். ரெண்டு பேரும் வாங்கினது கல்லறை மேல் வைக்கிற கல்தான். இங்கிலீஷில் அவர்கள் பேசுவதை எனக்குத் தமிழில் சொல்ல குவாரி கிளார்க் சேகர் இருந்தான்.

பெங்க்ட்டின் சொந்தப் பேச்சு ஸ்வீடிஷ். லாவின் சொந்தப் பேச்சு கான்டனீஸ். ரெண்டிலும் நான் கொஞ்சம் உழன்றவன் என்று கேள்விப்பட்டு இன்றைக்கும் கள்ளக்குறிச்சியில் யாராவது வந்து, “எதைக் கத்துக்கலாம்ணே, எது சுலபம்?” என்று கேட்கிறார்கள். அந்நிய மொழிக்கு நாக்கைக் கொடுத்துவிட்டு அவதிப்படுகிற என் கூட்டாளிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கான்டனீஸ் கற்றது வயிற்றுக்காக. ஸ்வீடிஷ் கற்றது அஞ்சலைக்காக. அஞ்சலை என் தங்கச்சி. அம்மா செத்த வருஷம் மழையும் இல்லை, கூலியும் இல்லை. மூணு வயசுப் பிள்ளையை அப்பா கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த ஒரு பிள்ளைகள் இல்லத்தில் விட்டார். அறுப்பு வந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அறுப்பு வந்தபோது பிள்ளை ஸ்வீடனில் ஒரு வீட்டுக்குத் தத்துப் போயிருந்தது. அப்பா அதற்கப்புறம் ரொம்ப நாள் இருக்கவில்லை. அவளோடு ஒரே ஒரு தடவை பேச வேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை. நடுவில் ஆள் வைத்துப் பேசேன் என்பார்கள். நான் தரகன் ஐயா. நடுவில் நிற்கிறவன் பேச்சில் எவ்வளவு எடுத்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியாதா?

மூச்சை இழுத்த துரை

பெங்க்ட்டோடு முதல் பேரம். சேகருக்குக் காய்ச்சல், வரவில்லை. வெயிலில் கல் மேல் தண்ணீரை ஊற்றினோம். விரிசல் இருந்தால் காயும்போது அந்த இடம் மட்டும் ஈரமாக நிற்கும். ஒன்றும் நிற்கவில்லை. சிலேட்டில் விலையை எழுதிக் காட்டினேன். பெங்க்ட் சிலேட்டைப் பார்த்தார். வாயைக் குவித்து ‘ஹுப்’ என்று மூச்சை உள்ளே இழுத்தார். நெஞ்சு வலிக்காரன் மாதிரி இருந்தது. விலை அதிகமோ என்று அழித்துக் குறைத்து எழுதினேன். மறுபடி ‘ஹுப்’. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில்தான் இன்னும் குறைத்தேன், வாங்கினால் வாங்கு, போனால் போ என்று. அதற்கும் ‘ஹுப்’ என்றுவிட்டுக் கையை நீட்டினார்.

மறுநாள் சேகர் அவரிடம் விசாரித்துவிட்டு வந்தான். அவர்கள் ஊரில் ‘ஆமாம்’ என்பதை அப்படி மூச்சை உள்ளே இழுத்தும் சொல்வார்களாம். நான் தலையில் கை வைத்துக்கொண்டு ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்தேன். ஸ்வீடிஷ் கற்க வருகிறவர்களே, அந்த மொழியின் முதல் பாடம் வாயில் இல்லை, நுரையீரலில் இருக்கிறது. சேகர் வேறு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்:

“அண்ணே, அந்தாளு மொதல் வெலைக்கே ஒத்துக்கினாராம். நீங்க ஏன் தனியா பேரம் பேசிக்கினு இருந்தீங்கன்னு கேக்குறாரு.”

துண்டுக்குள் இறங்கின விலை

சந்தையில் மாடு விற்பது உங்களுக்குத் தெரியும். விலையை வாயால் சொல்ல மாட்டோம். கை மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, ரெண்டு பிடித்தால் ரெண்டு. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. லாவ் வந்த அன்று போட்டிக்கு வேறு ஒரு தரகனும் குவாரியில் நின்றான். அவன் காதில் விழக்கூடாது என்று லாவின் கை மேல் என் துண்டைப் போட்டேன். லாவ் முதலில் திடுக்கிட்டார். அப்புறம் முகமெல்லாம் சிரிப்பு. அவருடைய தாத்தா காலத்தில் சட்டைக் கைக்குள்ளே இப்படித்தான் பேசுவார்களாம்.

பேரம் ஆரம்பித்தது. லாவ் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினார். ரெண்டா? இந்தக் கல்லுக்கு ரெண்டா? துண்டுக்குள்ளேயே அவர் கையைத் தட்டிவிட்டுக் கத்தினேன். லாவ் யோசித்து, ஒரே விரலைக் கொக்கி மாதிரி மடக்கி நீட்டினார். ரெண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குகிறான்! என் வாயில் என்ன வந்தது என்று இங்கே எழுத முடியாது. லாவ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடைசியாக விரலையெல்லாம் மூடி முஷ்டியைக் கொடுத்தார். ஒன்றுமே கிடையாதாம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். சேகர்தான் பின்னாலேயே ஓடிவந்து நிறுத்தினான்.

லாவின் ஊரில் ஒற்றைக் கையிலேயே பத்து வரைக்கும் காட்டுவார்களாம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எட்டு, கொக்கி ஒன்பது, முஷ்டி பத்து. நான் கத்தக் கத்த அவர் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். என் ஆயுசில் கோபத்துக்குக் கூலி கிடைத்தது அன்றைக்குத்தான். லாவ் சொன்னதை சேகர் அப்படியே தமிழில் சொன்னான்:

“எங்க ஊரு மீன் மார்க்கெட்ல கூட இவ்ளோ கெட்டிக்காரனைப் பாத்ததில்ல. இனிமே வாயாலயே பேசலாம், எங்க பாஷையை நானே சொல்லித் தரேன்.”

வூட்டில் நடந்த பாடம்

அப்படித்தான் லாவ் வாத்தியார் ஆனார். பெங்க்ட்டிடம் நானே விடாமல் போய் ஒட்டிக்கொண்டேன். ரெண்டு மொழியையும் எடை போட்டுப் பார்த்த கணக்கைச் சொல்கிறேன். நமக்கு நான் போறேன், நீ போறே, அவன் போறான் என்று வால் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்வீடிஷில் எல்லாருக்கும் ஒரே வால். கான்டனீஸில் வாலே கிடையாது, நேற்றுப் போனதுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சொல்லை ஒட்டினால் போதும். இதுவரை கான்டனீஸ் ஜெயிக்கிறது. ஆனால் ஒரே சத்தத்தை மேலே நீட்டினால் ஒரு பொருள், கீழேயிருந்து ஏற்றினால் வேறு பொருள் என்று ஆறு விதம். சுத்தியலால் தட்டிக் கல்லைப் பார்க்கிற காது இருந்தால் பிழைக்கலாம். ஸ்வீடிஷுக்கும் ராகம் உண்டு, ஆனால் தப்பாகப் பாடினாலும் புரிந்துகொள்வார்கள். கான்டனீஸில் தப்பாகப் பாடினால் வேறு பாட்டாகிவிடும்.

மரியாதை விஷயம் இன்னொன்று. ஸ்வீடிஷில் முதலாளியும் ‘டூ’தான், கல் உடைக்கிறவரும் ‘டூ’தான். நீ, நீங்க என்ற பேச்சே இல்லை. எனக்குப் பிடித்திருந்தது, என்னை யாரும் அப்படிக் கூப்பிடாத வரைக்கும். லாவோ, பார்த்ததும் “சாப்பிட்டாச்சா?” என்றுதான் ஆரம்பிப்பார். அவர்கள் ஊர் வணக்கமே அதுதானாம். “ஸிக் ஜோ ஃபான் மெய்” என்ற அந்த வாக்கியத்தை ஏற்றி இறக்கி, விடியற்காலையில் கிணற்றடியில் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகினேன். என் சம்சாரம் மல்லிகா தண்ணீர்க் குடத்தை ‘ணங்’கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்:

“இன்னாய்யா கத்தல் இது? நாயி தெருவுல படுத்துக்கினு சும்மாதான் இருக்குது, அதும் வேலையையும் நீயே செய்யணுமா?”

தங்கச்சிக்கு ஒரு சொல்

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், குவாரிக் கொட்டகையில் லாவ் உறவு முறை சொல்லிக் கொடுத்தார். அண்ணன் வேறு, தம்பி வேறு. அக்கா வேறு, தங்கச்சி வேறு. சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாம் தனித்தனி. நம் வீடு மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷமாகிவிட்டது. தங்கச்சிக்கு ‘மூய் மூய்’. சொல்லிப் பார்த்தேன். வாயிலேயே நின்றது.

அந்த வாரமே பெங்க்ட் வந்தார். ஸ்வீடிஷில் தங்கச்சிக்கு என்ன என்று கேட்டேன். ‘ஸிஸ்டர்’ என்கிற மாதிரி ஒன்றைச் சொன்னார். அது அக்காவா, தங்கச்சியா என்றேன். ரெண்டுக்கும் அதுதான், பெரியது சின்னது என்று வேண்டுமானால் முன்னால் சேர்த்துக்கொள் என்றார். சரி, வீட்டுக்கு வந்தவளைப் பார்த்ததும் சாப்பிட்டியா என்று கேட்க என்ன சொல்வீர்கள் என்றேன். அப்படிக் கேட்க மாட்டோம், சாப்பாட்டு நேரத்தில் வந்தால் காபி கொடுப்போம் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த அளவு டேப்பைத் தூக்கி எறிந்தேன். எனக்கு வேண்டிய சொல்லெல்லாம் ஹாங்காங்கில் இருக்கிறது, எங்கள் பிள்ளை ஸ்வீடனில் இருக்கிறது. அடுத்த மாசம் வந்த லாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கும் தங்கச்சி ஒருத்தி சீன எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாளாம். சேகர் இல்லாமலே எனக்குப் புரிகிற மாதிரி, தன் பாஷையிலேயே மெதுவாகச் சொன்னார்:

“எனக்குச் சொல் இருக்கு. கூப்பிட ஆள் இல்ல.”

மலையடிவாரத்தில் ஒரு விசாரணை

கையில் காசு புரள ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் கச்சிராயபாளையம் தாண்டி அந்த இல்லத்துக்குப் போவேன். இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற மேட்ரனம்மாவிடம் சண்டை போடுவேன். எங்க புள்ளையைத் திருப்பிக் குடுங்க என்பேன். அந்த அம்மா வேலைக்கு வந்ததே அஞ்சலை போனதற்கு அப்புறம்தான். என்றாலும் ஒரு தடவையும் என்னை வெளியே போ என்று சொன்னதில்லை. மோர் கொடுப்பார், கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருப்பார், விலாசம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை ஏழுமலை, ஆனால் நீ கேட்டதை அந்த ஊருக்கு எழுதுகிறேன் என்பார். எழுதினாரா, அது யார் கையில் போய் நின்றது என்று எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் பொங்கல் இல்லாத நாளில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மலை மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிமலையிலிருந்து வந்த பஸ்ஸில் கடுக்காய் மூட்டைகளுக்கு நடுவில் ஜனங்கள் நனைந்துகொண்டு இறங்கினார்கள். நான் வழக்கம்போலக் கத்துவதற்குத் தயாராகத்தான் உள்ளே போனேன். மேட்ரனம்மா மேசை மேல் ஒரு போட்டோவைத் திருப்பி வைத்தார். குளிர்த் தொப்பி போட்ட ஒரு பெண். இப்போது அவள் பேர் லேனா என்றார். எனக்குத் தொப்பி தெரியவில்லை, பேர் காதில் ஏறவில்லை. எங்கள் அம்மாவின் தாடைதான் தெரிந்தது. நான் வாயைத் திறக்கும் முன் மேட்ரனம்மா சொன்னார்:

“ஏழுமலை, இந்தத் தடவை நீ சண்டை போட வேணாம். அடுத்த மாசம் அதுவே வருதுப்பா.”

பெங்களூர் தொரையின் பள்ளிக்கூடம்

ஒரு மாசத்தில் ஸ்வீடிஷ் முழுசாக வேண்டும் என்று பெங்க்ட்டைப் பிடித்தேன். மனுஷன் நல்லவர், ஆனால் பேசுகிற ஜாதி இல்லை. வாரத்துக்கு நாம் செலவழிக்கிற பேச்சை அவர் வருஷத்துக்கு வைத்துக்கொள்வார். கல், விரிசல், வெயிலில் பார், திருப்பி அனுப்பு, ஏன் இவ்வளவு விலை, கடைசி விலை சொல், விற்கிறாயா? இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதைத் தாண்டி ஒரு வார்த்தையும் அவர் வாயிலிருந்து வராது. அழுகிறவளிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். காதெல்லாம் சிவந்துபோய் கல்லை அளக்கப் போய்விட்டார்.

ஸ்வீடிஷ் கற்பவருக்கு வரும் பெரிய சோதனை இலக்கணம் இல்லை. நீங்கள் முக்கி முனகி நாலு சொல் பேசினால் அவர்கள் இங்கிலீஷில் பதில் சொல்லிவிடுவார்கள். லாவ் என் தப்பைக் கேட்டுச் சிரித்துத் திருத்துவார். பெங்க்ட் திருத்த மாட்டார், மொழியையே மாற்றிவிடுவார். எனக்கோ இங்கிலீஷும் கிடையாது. ஒருநாள் மடக்கிப் பிடித்துக் கேட்டதற்கு சேகர் மூலமாக மெதுவாகச் சொன்னார்:

“எங்க பாஷை உனக்கு எதுக்குப்பா? எங்க ஊர்ல எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்.”

புளியமரத்துக்கு இந்தப் பக்கம்

அஞ்சலை மெட்ராஸிலிருந்து இல்லத்துக்குக் காரில் கிளம்பின அன்று இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். உளுந்தூர்ப்பேட்டை ரோடு முழுக்கப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கார் காலையிலேயே கிளம்பிவிட்டது என்று மேட்ரனம்மா மூலமாகத் தெரிந்தது. மறுநாள் அவளுக்குத் திரும்பிப் போக பிளேன். அப்படியென்றால் அந்த ரோட்டில் எங்கேயோ நிற்கிறாள். சைக்கிளை எடுத்தேன். மரம் வந்தால் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏறி இறங்குவேன். தியாகதுருகம் தாண்டினதும் பெரிய மரம் ஒன்று. அதன் மேல் பத்திருபது பேர், தெரிந்த முகங்கள். சந்தையில் என்னிடம் மாடு வாங்கினவர்கள்.

“இன்னா ஏழுமலைண்ணே, இங்கயும் பேரமா?” என்றான் ஒருத்தன். பேரம்தான் பேசினேன். ஒரே ஒரு காருக்கு வழி விடுங்கடா என்றேன், என் தங்கச்சி என்றேன், கத்தினேன், கடைசியில் கும்பிட்டேன். எனக்குக் கும்பிட வராது. ஒரு காருக்கு விட்டால் பின்னாலேயே போலீஸ் வண்டி வரும் என்றார்கள். ஆனால் ரெண்டு பேர் இறங்கி என் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். ஒருவர் தூக்குவாளியிலிருந்து கூழ் ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு ஏன்டா இப்படி என்று கேட்டபோது அவர்தான் சொன்னார்:

“நாங்களும் கேட்டுக் கேட்டுப் பாத்தோம்ண்ணே, குடுக்கல. அதான் ரோட்ல ஒக்காந்துக்கினு கேக்குறோம்.”

எலவனாசூர்கோட்டையில்

எலவனாசூர்கோட்டையில் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, மூடின கடை ஒன்றின் முன்னால் வெள்ளை அம்பாசிடர் நின்றது. உள்ளே வெயிலில் சிவந்த முகத்தோடு அவள். டிரைவர் மெட்ராஸ்காரர். இங்கிலீஷ் தெரியும், நான் சொல்றேன் சார் என்று நடுவில் வந்தார். நீ போய் பீடி குடிய்யா என்று விரட்டிவிட்டேன். அவள் காரிலிருந்து இறங்கினாள். அத்தனை வருஷம் சேர்த்து வைத்ததை எடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்துவிட்டு நான் ஸ்வீடிஷில் முதலில் சொன்னது: “நல்ல கல். விரிசல் இல்லை.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ கல்குவாரிக் கிழவன் மாதிரிப் பேசுகிறாய் என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். சிரிப்பு நின்றதும் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ‘ஏன்?’ என்றாள். அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும், விலை கேட்கும்போதெல்லாம் பெங்க்ட் சொல்வது. அதற்குப் பதில் அம்மாவைப் பற்றி இருந்தது, மழை பெய்யாததைப் பற்றி இருந்தது, அப்பா அறுப்பு வரைக்கும் நாள் எண்ணினதைப் பற்றி இருந்தது. ஒன்றுக்கும் என்னிடம் சொல் இல்லை. தேடித் தேடி அகப்பட்டது ஒன்றுதான். “விக்கல,” என்றேன். “நாங்க உன்னை விக்கல.” அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். அப்புறம் எனக்குத் தெரிந்த சொற்களாகப் பார்த்துப் பொறுக்கி, பிள்ளைக்குச் சோறு பிசைகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டாள்: என்னைத் திருப்பிக் கேட்டீர்களா? கேட்டேன் என்றேன். ஒவ்வொரு வருஷமும் கேட்டேன் என்றேன். இது அவளுக்குப் புதுசு. அவளிடம் யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. டிரைவர் ஓடி வந்தார். மெட்ராஸ் திரும்புகிற வழியில் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ஒரு மரத்தை இழுத்துப்போட்டு வழி விட்டிருக்கிறார்களாம், இப்போது விட்டால் மறுபடி அடைத்துவிடுவார்களாம். காரை ஸ்டார்ட் செய்துவிட்டார், ஹாரன் அடித்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எனக்குப் புரிகிற வரைக்கும் ரெண்டு மூன்று தரம் சொன்னாள்:

“மெதுவா சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு.”

ஸ்வீடிஷ் சுலபம், கான்டனீஸ் கஷ்டம் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் ரெண்டில் எதையானாலும் கார் கிளம்பப் போகிற நேரத்தில் பேச ஆரம்பிக்காதீர்கள்.